மூடிய கதவுக்கு வெளியே கூடியவர்கள்

1904–05 கல்வியாண்டில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆறு கறுப்பின மாணவர்கள் படித்தார்கள். மறு ஆண்டு வகுப்புகள் தொடங்கியபோது அந்த ஆறு பேரில் ஒருவர்கூடத் திரும்பி வரவில்லை. விதிப்படி பார்த்தால் கார்னெல் யாரையும் தடுக்கவில்லை. எவரும் எதையும் படிக்கலாம் என்ற கொள்கையோடு தொடங்கப்பட்ட பல்கலைக்கழகம் அது. ஆனால் நியூயார்க் மாநிலத்தின் குளிர் மிகுந்த இத்தாக்கா நகரில் படிப்பு வகுப்பறையோடு முடிந்துவிடவில்லை. எங்கே தங்குவது, யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது, தேர்வுக்கு முந்தைய இரவில் யாரிடம் சந்தேகம் கேட்பது என்பதெல்லாம் சேர்ந்துதான் படிப்பு. வெள்ளை மாணவர்களில் வசதியும் தொடர்பும் உள்ளவர்களுக்கு இவை அனைத்தையும் ஒரே கூரையின்கீழ் கொடுத்தது ஃபிரட்டர்னிட்டி. கிரேக்க எழுத்துகளைப் பெயராகச் சூடிக்கொண்டு, தாமே தேர்ந்தெடுத்தவர்களை மட்டும் சேர்த்துக்கொள்கிற மாணவர் சகோதர சங்கம் அது. அதன் வீடுகளுக்குள் கறுப்பின மாணவர் நுழைய முடிந்தது சாப்பாட்டு மேசையில் பரிமாறுவதற்காக.

அப்படிப் பரிமாறிக்கொண்டு படித்தவர்களும் அடங்கிய ஒரு சிறு கூட்டம் 1905-ன் இறுதியில் இத்தாக்காவில் படிப்பு வட்டம் ஒன்றைத் தொடங்கியது. ஊரிலிருந்த கறுப்பினக் குடும்பங்களின் வீடுகளில் கூடினார்கள். வட்டம் வட்டமாகவே இருக்கட்டும் என்று சிலர் சொன்னார்கள். முழுமையான சங்கமாக வேண்டும் என்று மற்றவர்கள் வாதாடினார்கள். 1906 டிசம்பர் 4-ல் ஏழு பேர் முடிவெடுத்தார்கள். ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா பிறந்தது. அந்த ஏழு பேரில் ஒருவரான வெர்ட்னர் டாண்டி பின்னாளில் நியூயார்க்கில் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஆனார். யூஜீன் கிங்கிள் ஜோன்ஸ் தேசிய நகர்ப்புற லீகின் நிர்வாகச் செயலாளராகப் பல ஆண்டுகள் பணியாற்றினார். ஹென்றி ஆர்தர் காலிஸ் மருத்துவரானார். ஒரு மாணவர் சங்கம் எதற்காக இருக்க வேண்டும் என்று கேட்டால், இதைவிடத் தெளிவான விடை அமெரிக்க வரலாற்றில் கிடைப்பது அரிது. முந்தைய ஆண்டில் படித்தவர்கள் தனிமையில் கரைந்துபோனார்கள். கூடி நின்றவர்கள் பட்டம் வாங்கினார்கள்.

சகோதர சங்கங்களின் பொற்காலம் எது என்ற பேச்சு எழுந்தால் அமெரிக்கர்கள் வழக்கமாக இந்தப் பக்கம் திரும்புவதில்லை. 1920-களைச் சொல்வார்கள். முதல் உலகப் போர் முடிந்து, பழைய மாணவர்களின் பணத்தில் தூண் வைத்த மாளிகைகள் எழுந்து, மோட்டார் காரும் ஜாஸும் வந்த காலம். அல்லது 1950-களைச் சொல்வார்கள். இன்னும் இளையவர்கள், சகோதர சங்கக் கூத்தைக் காட்டி 1978-ல் வெளிவந்த ‘அனிமல் ஹவுஸ்’ படத்துக்குப் பிந்தைய ஆண்டுகளைச் சொல்வார்கள். இந்த மூன்று விடைகளும் உல்லாசத்தை அளவுகோலாகக் கொண்டவை. உல்லாசம் தவறல்ல, பத்தொன்பது வயதில் அது வேண்டியதுதான். ஆனால் ஒரு சங்கத்தில் உறுப்பினராக இருப்பதற்குச் சிறந்த காலம், அந்த உறுப்பினருக்குச் சங்கம் மிகத் தேவைப்பட்ட காலம்தான் என்று வைத்துப் பார்த்தால் படம் மாறிவிடுகிறது.

தொடக்கமே தேவையில்தான் இருந்தது. 1776 டிசம்பர் 5-ல், அமெரிக்கா சுதந்திரம் அறிவித்து ஐந்து மாதம் ஆன நிலையில், வர்ஜீனியாவின் வில்லியம் அண்ட் மேரி கல்லூரி மாணவர்கள் ஃபை பீட்டா காப்பாவைத் தொடங்கினார்கள். கல்லூரியில் லத்தீன், கிரேக்கப் பாடங்களை ஒப்பிப்பதுதான் கல்வி. அன்றைய அரசியலையும் அறத்தையும் தாங்களே விவாதிக்க, கட்டுரை படிக்க, அவர்களுக்கு ஆசிரியர் காதில் விழாத ஓர் இடம் வேண்டியிருந்தது. ஆகவே ரகசியக் கைகுலுக்கல், ரகசிய உறுதிமொழி. பிரிட்டிஷ் படை நெருங்கியதால் 1781-ல் அந்த முதல் கிளை மூடப்பட்டது. அதற்குள் யேலிலும் ஹார்வர்டிலும் விதை விழுந்துவிட்டது. 1831-ல் ஹார்வர்டு கிளை ரகசியத்தைக் கைவிட, காலப்போக்கில் அது கல்விச் சிறப்புக்கான கௌரவ அமைப்பாக மாறியது. இன்று நாம் அறிந்த வகைச் சங்கம் 1825-ல் ஷெனெக்டடியின் யூனியன் கல்லூரியில் தொடங்கிய காப்பா ஆல்ஃபாவிலிருந்து வருகிறது. விடியற்காலை வழிபாடு, கண்காணிப்பு, தண்டனை என்றிருந்த கல்லூரிகளில் மாணவர்கள் தங்களுக்கென்று ஒரு மூலையைப் பிடித்துக்கொண்ட கதை அது.

பெண்களின் கதையில் தேவை இன்னும் கூர்மையாக இருக்கிறது. இண்டியானாவின் கிரீன்காசில் ஊரில் இருந்த ஆஸ்பரி கல்லூரி 1867-ல்தான் பெண்களைச் சேர்த்தது. உடன் படித்த ஆண்களில் பலர் அதை விரும்பவில்லை. தெருவில் கேலி, வகுப்பில் முகத்திருப்பல். பெட்டி லாக் என்ற மாணவிக்கு ஓர் ஆண்கள் சங்கம் தன் சின்னத்தை அணிய மட்டும் அனுமதி தர முன்வந்தது. உறுப்பினர் உரிமை இல்லாத சின்னம் வேண்டாம் என்று அவர் மறுத்துவிட்டார் என அவர் தொடங்கிய சங்கத்தின் வரலாறு சொல்கிறது. 1870 ஜனவரி 27-ல் நான்கு பெண்கள் கூடி காப்பா ஆல்ஃபா தீட்டாவை நிறுவினார்கள். அதே ஆண்டு இல்லினாயின் மான்மத் கல்லூரியில் காப்பா காப்பா காமா. பிறகு வந்தவைதான் சொராரிட்டி என்று அழைக்கப்பட்ட எண்ணற்ற சகோதரி சங்கங்கள். கல்லூரியில் நுழைந்த முதல் தலைமுறைப் பெண்கள் ஒருவரையொருவர் தாங்கிப் பிடித்துக்கொள்ள உருவானவை அவை. அவர்களுடைய பேத்திகளின் காலத்தில் அதே சங்கங்கள் எந்தப் பெண்ணைச் சேர்க்கலாம், எவளை வாசலோடு அனுப்பலாம் என்று முகம் பார்த்து, குடும்பம் பார்த்து, நிறம் பார்த்து முடிவு செய்யும் இடங்களாகிவிட்டன.

பொற்காலம் என்று சொல்லப்படுகிற பத்தாண்டுகளின் உள்முகம் இதுதான். இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் பல தேசிய சங்கங்களின் சட்டத்திலேயே வெள்ளையர் மட்டும், கிறித்தவர் மட்டும் என்ற விதிகள் எழுத்தில் இருந்தன. யூத மாணவர்கள் தனியாக ஸீட்டா பீட்டா டௌ போன்ற சங்கங்களை அமைத்துக்கொண்டார்கள். லாஸ் ஏஞ்சலஸில் ஜப்பானிய அமெரிக்கப் பெண்கள் 1920-களின் இறுதியில் கை ஆல்ஃபா டெல்டாவைத் தொடங்கினார்கள். இரண்டாம் உலகப் போரில் அந்தச் சமூகத்தையே அரசு முள்வேலி முகாம்களுக்கு அனுப்பியபோது சங்கமும் நின்றுபோனது, போருக்குப் பிறகு திரும்ப எழுந்தது. தூண் வைத்த மாளிகைகளின் அழகைப் பேசுகிறவர்கள் இந்த எழுத்து விதிகளையும் சேர்த்தே பேச வேண்டும். அந்த வீட்டுக்குள் அனுபவித்த நெருக்கத்தில் ஒரு பங்கு, வெளியே நிறுத்தப்பட்டவர்களால் கிடைத்தது.

போருக்குப் பிறகு ஒரு கணம் வேறு வழி திறந்தது. 1944-ன் சட்டம் ஒன்று போர்வீரர்களின் கல்விச் செலவை அரசின் பொறுப்பாக்கியது. 1947-ல் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் படையிலிருந்து திரும்பியவர்கள். இருபத்தைந்து வயது, சிலருக்கு மனைவி, சிலருக்குக் குழந்தை. நார்மண்டியில் கரையிறங்கிய ஒருவரைப் பத்தொன்பது வயதுப் பையன் மட்டையால் அடித்துப் புது உறுப்பினராகப் பழக்க முடியுமா? பழைய சடங்குகள் அவர்கள் முன்னால் வெளிறிப்போயின. ஹிட்லரை எதிர்த்துப் போரிட்டுவிட்டு வந்து, இனம் பார்த்து ஆள் சேர்க்கும் விதியில் கையெழுத்திடுவது அவர்களில் சிலருக்குக் கூசியது.

1948-ல் மாசசூசெட்ஸின் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் இந்தக் கூச்சம் செயலானது. ஃபை காப்பா சை சங்கத்தின் அங்குள்ள கிளை, தாமஸ் கிப்ஸ் என்ற கறுப்பின மாணவரைத் தேர்ந்தெடுத்தது. முதலாண்டு மாணவர்களிடையே நன்கு அறியப்பட்டவர், ஓட்டப்பந்தய வீரர். எல்லாக் கிளைகளும் செய்வதுபோலப் பிடித்த பையனைக் கூப்பிட்டார்கள், அவ்வளவுதான். தேசியத் தலைமை மறுபரிசீலனை செய்யச் சொன்னது. பழைய மாணவர்கள் நெருக்கினார்கள். கிளை அசையவில்லை. அந்த நவம்பரில் அதன் உரிமம் ரத்தானது. கிளை கலையவும் இல்லை. ஃபை ஆல்ஃபா சை என்று பெயரை மாற்றிக்கொண்டு, சொந்தக் காலில் நின்று, கிப்ஸைச் சேர்த்துக்கொண்டது. அமெரிக்கா முழுவதும் செய்தித்தாள்கள் இதைப் பேசின. பெயர், சின்னம், தேசிய அளவிலான தொடர்புகள் என்று இருபது வயதில் பெரிதாகத் தெரிகிற அனைத்தையும் ஒரு நண்பனுக்காக விட்டுக்கொடுத்த அந்த இளைஞர்கள், சகோதரன் என்று சொன்னதைச் சொன்னபடி நடத்திக் காட்டினார்கள். வெள்ளை மாணவர் சங்கங்களின் வரலாற்றில் உறுப்பினராக இருந்து பெருமைப்படத் தக்க ஓர் ஆண்டைத் தேர்வு செய்யச் சொன்னால், அந்த வீட்டில் கழிந்த 1948-ஐத் தயங்காமல் சொல்லலாம்.

ஆனால் ஆம்ஹர்ஸ்ட் விதிவிலக்கு. விதிகள் எழுத்திலிருந்து நீங்க இன்னும் பல ஆண்டுகள் பிடித்தன. நீங்கிய பிறகும் வழக்கம் மிச்சமிருந்தது. 2013-ல் அலபாமா பல்கலைக்கழகத்தின் மாணவர் நாளிதழ், தகுதி மிகுந்த ஒரு கறுப்பினப் பெண்ணைச் சொராரிட்டிகள் நிராகரித்ததையும், அதற்குப் பின்னால் பழைய மாணவியரின் கை இருந்ததையும் வெளிக்கொணர்ந்தது. கறுப்பின மாணவர்களை மறித்து ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் அதே பல்கலைக்கழக வாசலில் நின்று சரியாக ஐம்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

‘அனிமல் ஹவுஸ்’ கொண்டுவந்த காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வியட்நாம் ஆண்டுகளில் ஆள் சேராமல் தளர்ந்திருந்த சங்கங்களுக்கு அந்தப் படம் புது மவுசு கொடுத்தது. கூடவே குடியைச் சங்க வாழ்வின் மையமாக்கியது. 1984-ன் மத்தியச் சட்டத்தால் மாநிலங்கள் குடிக்கும் வயதை 21 ஆக உயர்த்த நேர்ந்தபோது, அதற்குக் குறைந்த வயதினரின் குடி மதுக்கூடங்களிலிருந்து சங்க வீடுகளின் நிலவறைகளுக்கு நகர்ந்தது. ஹேசிங் என்ற கொடுமை அதற்கும் வெகுகாலம் முந்தியது. நம் ஊர் ராகிங் எல்லா முதலாண்டு மாணவர்கள்மீதும் பாயும். ஹேசிங்கோ சேர விரும்புகிறவனிடம் அவன் விருப்பத்தையே பிணையாக வாங்கிக்கொண்டு நடப்பது. 1873-ல் கார்னெலில், கண்ணைக் கட்டி இரவில் அழைத்துச் செல்லப்பட்ட மார்டிமர் லெகெட் பள்ளத்தாக்கில் விழுந்து இறந்தார். 1978-ல், அந்தப் படம் வெளியான அதே ஆண்டில், ஆல்ஃப்ரட் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் மதுப்புட்டிகளோடு காரின் பின்பெட்டிக்குள் பூட்டப்பட்டார், அன்றிரவே இறந்தார். அவருடைய தாய் அய்லீன் ஸ்டீவன்ஸ் அதன்பின் மாநிலம் மாநிலமாகச் சென்று ஹேசிங் தடைச் சட்டங்களுக்காகப் போராடினார். 2017-ல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பத்தொன்பது வயது மாணவர் படிக்கட்டில் விழுந்து கிடக்க, பல மணி நேரம் யாரும் ஆம்புலன்சை அழைக்கவில்லை. கல்லூரிகள் ஹேசிங் நிகழ்வுகளைப் பகிரங்கப்படுத்தியாக வேண்டும் என்ற தேசியச் சட்டம் 2024 டிசம்பரில்தான் வந்தது.

கறுப்பினச் சங்கங்களும் இதிலிருந்து தப்பவில்லை என்பதை மறைக்கக் கூடாது. அங்கும் அடி இருந்தது, மரணங்கள் நேர்ந்தன. 1990-ல் அவை கூட்டாகப் பழைய சேர்ப்புச் சடங்கு முறையைத் தடை செய்தன. அதற்குப் பிறகும் உயிர்கள் போயின. வலியைத் தாங்கினால்தான் சகோதரன் என்ற எண்ணம் எந்த நிறத்துச் சங்கத்தையும் விட்டுவைக்கவில்லை. ஆகவே ஒரு தரப்பைப் புனிதமாக்கிவிட்டு மறு தரப்பைத் தள்ளுவது இங்கே நோக்கமல்ல. எந்தக் காலத்தில், எந்தக் காரியத்துக்காக அவர்கள் கூடினார்கள் என்று பார்ப்பதுதான் நோக்கம்.

1908 ஜனவரி 15-ல் வாஷிங்டனின் ஹாவர்டு பல்கலைக்கழகத்தில் எத்தல் ஹெட்ஜ்மன் தலைமையில் ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா தொடங்கியது. கறுப்பினப் பெண்களின் முதல் கிரேக்க எழுத்துச் சங்கம். 1913-ல் அதிலிருந்து 22 பேர் பிரிந்து டெல்டா சிக்மா தீட்டாவை அமைத்தார்கள். பொதுவாழ்வில் நேரடியாக இறங்க வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். சங்கம் தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மார்ச் 3-ல் பெண்களின் வாக்குரிமை ஊர்வலத்தில் தலைநகரத் தெருக்களில் நடந்தார்கள். தென் மாநிலத்தவர் கோபிப்பார்களே என்று அஞ்சிய வெள்ளைப் பெண் அமைப்பாளர்கள் கறுப்பினப் பெண்களைப் பின்வரிசைக்குத் தள்ளப் பார்த்த ஊர்வலம் அது. தெருவோரக் கூட்டம் ஏசியது, இடித்தது. இருபது வயதுப் பெண்கள் தம் கொடியோடு நடந்து முடித்தார்கள்.

கறுப்பின ஆண்களின் சங்கம் நீதிமன்றத்தை நோக்கிப் போனது. 1942-ல் தெற்கே ரயிலில் சென்ற எல்மர் ஹெண்டர்சன் என்பவருக்கு உணவுப் பெட்டியில் இடம் மறுக்கப்பட்டது. திரைக்குப் பின்னால் கறுப்பினத்தவருக்கென ஒதுக்கிய மேசைகளில் வெள்ளையர்களை உட்கார வைத்திருந்தார்கள். ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா வழக்குக்குத் துணை நின்றது. அதன் தேசியத் தலைவராக இருந்த வழக்கறிஞர் பெல்ஃபர்ட் லாசன் உச்ச நீதிமன்றம்வரை வாதாடினார். 1950-ல் தீர்ப்பு ஹெண்டர்சன் பக்கம். இரண்டு ஆண்டு கழித்து பாஸ்டனில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த மார்ட்டின் லூதர் கிங் அதே சங்கத்தில் சேர்ந்தார். 2011-ல் வாஷிங்டனில் திறக்கப்பட்ட அவருடைய நினைவகம், அந்தச் சங்கம் 1984-ல் முன்வைத்த யோசனையிலிருந்து வளர்ந்தது.

இத்தனைக்கும் நடுவில் ஒரே ஒரு காலத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால், 1935 முதல் 1942 வரையிலான கோடைகள்தான். அந்தக் கதையின் தொடக்கம் கலிஃபோர்னியாவில். 1920-களின் தொடக்கத்தில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஐடா ஜாக்சன் என்ற மிசிசிப்பிப் பெண்ணும் அவருடைய தோழிகளும் ஆல்ஃபா காப்பா ஆல்ஃபாவின் கிளையைத் தொடங்கினார்கள். ஆண்டு மலரில் இடம்பெறப் பணம் கட்டிப் படமும் எடுத்துக்கொண்டார்கள். மலர் வெளிவந்தபோது அவர்கள் படம் அதில் இல்லை. நாற்பது ஆண்டுகள் கழித்து அதே பெர்க்லியில் கறுப்பின மாணவர்களின் படிப்பு வட்டம் ஒன்றுக்குத் தமிழ்ப் பெண் ஒருவர் போய்வந்துகொண்டிருந்தார். மன்னார்குடி அருகே துளசேந்திரபுரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தின் சியாமளா கோபாலன் அவர். தம் கணவரை அவர் சந்தித்தது அந்த வட்டத்தின் வழியாகத்தான். அவர் மகள் கமலா ஹாரிஸ் ஹாவர்டில் படித்தபோது சேர்ந்தது ஐடா ஜாக்சனின் சங்கத்தில். துணை அதிபர் வேட்பாளராக 2020-ல் பேசியபோது தம் குடும்பத்தைப் பற்றிச் சொன்ன இடத்திலேயே அந்தச் சங்கத்தையும் சொன்னார்.

ஐடா ஜாக்சன் ஆசிரியரானார். 1930-களில் சங்கத்தின் தேசியத் தலைவரானார். 1934 கோடையில் மிசிசிப்பியின் ஹோம்ஸ் மாவட்டத்துக்குத் தோழிகளோடு போனார். கிராமப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருவது திட்டம். போன இடத்தில் தெரிந்தது, பாடம் கேட்கும் நிலையில் குழந்தைகள் இல்லை. பசி, காய்ச்சல், சொத்தைப் பல், தடுப்பூசி என்றால் என்னவென்றே அறியாத ஊர்கள். மறு ஆண்டு சங்கம் மருத்துவர்களையும் செவிலியர்களையும் அனுப்பத் தீர்மானித்தது. பொறுப்பேற்றவர் டோரதி போல்டிங் ஃபெரபி, வாஷிங்டனில் மருத்துவர். சம்பளம் கிடையாது, தங்கள் விடுமுறை, தங்கள் கார், தங்கள் பெட்ரோல். வழியில் கறுப்பினப் பயணிகளுக்கு அறை தரும் விடுதி அரிது என்பது தெரிந்தே ஆயிரம் மைலுக்கு மேல் ஓட்டிப் போனார்கள்.

மருத்துவ முகாமைத் திறந்து காத்திருந்தால் ஆள் வரவில்லை. பருத்தித் தோட்ட முதலாளிகள் குத்தகைக் குடும்பங்களை வெளியே விடவில்லை. வடக்கிலிருந்து வந்த படித்த பெண்கள் வேலையாட்களைக் கிளப்பிவிடுவார்கள் என்ற பயம். பெண்கள் பெட்டிகளைத் திரும்பக் காரில் ஏற்றினார்கள். தோட்டம் தோட்டமாகப் போனார்கள். மரத்தடியில், தேவாலய வராந்தாவில், பருத்திக் காட்டின் ஓரத்தில் மேசை போட்டார்கள். துப்பாக்கி வைத்த கங்காணிகள் குதிரைமேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, அம்மைக்கும் தொண்டை அடைப்பான் நோய்க்கும் ஊசி போட்டார்கள். பல் பிடுங்கினார்கள். பால் கொடுப்பது, குழந்தையைக் குளிப்பாட்டுவது, என்ன சமைப்பது என்று சொல்லிக் கொடுத்தார்கள். கோடைக்குக் கோடை ஆயிரக்கணக்கானவர்கள் வந்தார்கள். ஒவ்வொரு ஆண்டும் கண்டதை அறிக்கையாக எழுதினார்கள்.

இந்தப் பெண்களில் பலர் கல்லூரியை விட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. கறுப்பினச் சங்கங்களின் தனிச்சிறப்பு அது. பட்டம் வாங்கியதும் விட்டுப் போகிற உறவல்ல. ஊர் ஊராகப் பட்டதாரிக் கிளைகள் இருக்கும், பேத்தி பிறந்த பிறகும் கூட்டத்துக்குப் போவார்கள். நான்கு ஆண்டு உல்லாசத்துக்கு மட்டும் கட்டப்பட்ட அமைப்பால் மிசிசிப்பிக்குப் போயிருக்க முடியாது.

அந்தக் காலத்தில் வாழ்வது எளிதாக இருந்தது என்று யாரும் சொல்லமாட்டார்கள். படித்த மருத்துவருக்கே வழியில் கழிப்பறை கிடைக்காத நாடு. ஆனால் அன்று மாலை காரில் திரும்பும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் யார், எதற்காக அங்கே இருந்தார் என்பதில் எவருக்கும் ஐயம் இருந்திருக்காது. சங்க உறவு என்ற ஒன்றுக்கு அதைவிட நிறைவான வடிவம் இருக்க முடியுமா என்று தெரியவில்லை.

போரினால் பெட்ரோலும் டயரும் ரேஷனுக்குப் போக, 1942-க்குப் பிறகு திட்டம் நின்றது. ஃபெரபி பின்னாளில் ஹாவர்டு பல்கலைக்கழகத்தின் மருத்துவச் சேவையைப் பல ஆண்டுகள் நடத்தினார். ஊசி மட்டும் போதாது, சட்டமும் மாற வேண்டும் என்ற எண்ணம் திட்டம் நடந்துகொண்டிருந்தபோதே சங்கத்துக்குள் வலுத்தது. 1938-ல் சங்கத்தின் தொடக்க கால உறுப்பினர்களில் ஒருவரான நார்மா பாய்ட் முன்னின்று, கட்சி சாராத ஓர் அலுவலகத்தை வாஷிங்டனில் அமைத்தார். நாடாளுமன்ற உறுப்பினர்களைச் சந்தித்து வேலை, கூலி, சுகாதாரம், வாக்குரிமை பற்றிப் பேசுவது அதன் பணி. பத்தாண்டுகள் அது இயங்கியது. 1948-ல் மற்றக் கறுப்பினச் சங்கங்களும் சேர்ந்து, மனித உரிமைகளுக்கான பொது மன்றம் ஒன்றை உருவாக்கி, அந்த வேலையைக் கூட்டாக எடுத்துக்கொண்டன.